நோய்ப்பெயர் வசைப்பெயர் ஆகலாமா?

சொல் ஒரு கருவி. கருவி கூரியதாக இருத்தல் வேண்டும் என்பதில் தமிழர்க்குள் வேறுபாடு இல்லை. ஆயின், பகைவன்மேல் எறிந்த வேல் பகைவனைத் தைக்காமல், வழியோரம் ஒதுங்கி நிற்கும் ஏதிலான் ஒருவனைத் தைக்குமாயின், எறிந்தவனின் கைத்திறம் பேசிப் பயன் என்ன? கொடிய நோயின் பெயரை வசையாக எடுத்தாளும் வழக்கம் இத்தகைய குறிதவறிய வேலே ஆகும்.

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் மலைவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப் பாதையில், நகர்க்கு எதிர்ப்புறமாக மலையின் பின்னே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. மணிவாசகர்க்கெனத் தனிக்கோயில் உடைய ஊர் அது. முழுநிலா நாள்தோறும் எண்ணிறந்த கால்கள் அவ்வூரைக் கடந்து செல்கின்றன. அக் கால்கள் செல்லும் வழியின் ஓரங்களில் கையேந்தி அமர்ந்திருப்போருள் விரல் குறுகிய கையினரும், துணி சுற்றிய பாதத்தினரும் பல தலைமுறைகளாகக் காணப்பட்டு வந்தனர். அவர்க்குக் காசு இடுவோர் உண்டு. கை படாதவாறு மேலிருந்து இடுவோரே மிகுதி.

அவ்விடத்தில் மொழிக்காப்பு மேடை ஒன்று இடப்பட்டதாக வைத்துக்கொள்க. பேச்சாளர் முழங்குகின்றார்: “பிறமொழிக் கலப்பு என்பது தமிழைப் பற்றிய தொழுநோய்!” கைதட்டல் எழுகின்றது. இருபது அடி தொலைவில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர்க்கும் அம் முழக்கம் கேட்கின்றது. அவர் தமிழுக்குப் பகைவர் அல்லர். கலப்பில்லாத நாட்டுப்புறத் தமிழ் எஞ்சியிருப்பது அவர் போன்றோர் வாயில்தான். ஆனாலும், தமிழுக்கு நேர்ந்த இழிவுக்கு உவமை தேடியவர், அவர் உடலிலிருந்து அதனை எடுத்துக்கொண்டார். எவரிடம் கேட்டு எடுத்தார்?

இவ் வினா கற்பனை மேடையோடு நின்றுவிடுவதன்று. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் சென்னையில் நடந்த சனாதன ஒழிப்பு மாநாட்டில் பேசிய அமைச்சர் உதயநிதி, டெங்கு, மலேரியா, கொரோனா போன்றவை எதிர்க்கத்தக்கன அல்ல, ஒழிக்கத்தக்கன. சனாதனமும் அத்தகையதே என்றார். சில நாள்களில் ஆ. இராசா, அவ் வுவமை மென்மையானது என்றும், குமுகாய இழிவு சுமந்த தொழுநோயையும் எச்.ஐ.வி.யையுமே ஒப்புக் காட்டியிருக்க வேண்டும் என்றும் பேசினார். நாடு முழுதும் பூசல் எழுந்தது, வழக்குகள் தொடரப்பட்டன. பூசலிட்ட இரு திறத்தாரும் பெரிதும் எழுப்பிய வினா, ஒரு சமயம் இழிவுபடுத்தப்பட்டதா என்பதே. நோயுற்றார் இழிவுபடுத்தப்பட்டனரா என்ற வினா மன்றத்தின் நடுவே வைக்கப்படவில்லை. சனாதனம் பற்றிய வழக்கு வேறு; அதனை ஏற்போரும் மறுப்போரும் அதற்குரிய களத்தில் பொருதுக. ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள், அவ்விரு பேச்சுக்கும் இடையே உள்ள வேறுபாடே.

அவ் வேறுபாட்டை அளக்கும் கோல் தமிழில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே செய்து வைக்கப்பட்டுள்ளது. உவமம் தோன்றும் இடங்கள் வினை, பயன், மெய், உரு என நான்கு என்கிறது தொல்காப்பிய உவமவியல். ஒன்று செய்யும் தொழில் வினை, அதனால் விளைவது பயன், வடிவு மெய், நிறம் உரு. உயர்த்திச் சொல்வதேயன்றித் தாழ்த்திச் சொல்வதற்கும் உவமம் உண்டு என்பதனைக் ‘கிழக்கிடு பொருள்’ எனப் பெயரிட்டு அந்நூலே ஒப்புகின்றது. ஆகலின் தீயதைத் தீயதோடு ஒப்பிடல் தமிழ் மரபுக்கு மாறன்று. நோயை உவமையாக்குதலே குற்றம் என்பாரும் தொல்காப்பியத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின், எந்த இடத்திலிருந்து உவமை பிறக்கின்றது என்பதே வினா. கொசு பரப்பும் காய்ச்சல் ஊரை வீழ்த்துகின்றது. அதன் பிறப்பிடமான தேங்குநீரை அகற்றுதல் வேண்டும். இவ்வாறு சொல்லுங்கால் உவமை நோயின் வினையிலும் பயனிலும் பிறக்கின்றது. மலேரியா உற்றாரை எவரும் தெருவை விட்டுத் துரத்துவதில்லை. உவமையின் சூடு நோயின்மேல் விழுகின்றதேயன்றி நோயுற்றார்மேல் விழுவதில்லை. தொழுநோயை எடுத்தாள்வோர் நாடுவதோ அந்நோயின் வினையை அன்று. அது மெல்லப் பரவுவது, மருந்துக்கு அடங்குவது என்பனவெல்லாம் அவர் கருத்தில் இல்லை. அவர் நாடுவது நோயுற்றாரின் மெய்யையும் உருவையும். அவற்றைக் கண்டு கேட்போர் நெஞ்சில் எழும் அருவருப்பையும். அவ் வருவருப்பு இல்லையேல் அவ் வுவமைக்கு ஆற்றலே இல்லை. ஆகவே அவ் வுவமை, ஒவ்வொரு முறை வெல்லும்போதும், அருவருப்பைப் புதுப்பித்தே வெல்கின்றது. அருவருப்பு உண்டு என்று தெரிந்தே அதனைத் தேர்ந்தெடுப்பது, முற்போக்கு மேடையில் நிகழினும் பிற்போக்கு மேடையில் நிகழினும் ஒன்றே.

இவ் வருவருப்பு எங்கிருந்து வந்தது? நோய் என்பது தீவினையின் ஒறுப்பு என்னும் பழங்கருத்திலிருந்து வந்தது. நாலடியாரின் தீவினையச்ச அதிகாரத்திலேயே, விரல் அழுகும் தொழுநோய், முற்பிறப்பில் நண்டின் காலை முரித்துத் தின்றதன் பயனாகச் சொல்லப்படுகின்றது. திருவண்ணாமலையிலேயே வழங்கும் செவிவழிக் கதை ஒன்று, அருணகிரிநாதர் இளமையில் நெறிதவறிப் பெருநோய் உற்று, உயிர்விடத் துணிந்து கோபுரத்தின்மேலிருந்து விழுந்தார் என்றும், முருகன் ஏந்திக் காத்தான் என்றும் கூறுகின்றது. அக் கதையில் அருள் இறுதியில் வருகின்றது. ஆனால் நோய் தவற்றின் கூலியாகவே வருகின்றது.

கடவுளையும் வினையையும் மறுத்தோர் இதனை விட்டொழித்தனரா? இல்லை. திருவாரூர் தங்கராசு எழுதி, எம். ஆர். இராதா மேடைதோறும் நடித்து, கிருட்டிணன்-பஞ்சு இயக்கத்தில் 1954-இல் திரைக்கு வந்த ‘இரத்தக் கண்ணீர்’ பகுத்தறிவாளர் படைப்பு. அயல்நாட்டுப் பகட்டோடு திரும்பி, தாயையும் மனைவியையும் இகழ்ந்து, பொதுமகளை நாடிய மோகனசுந்தரம் என்பான் தொழுநோய் உற்றுத் தெருவில் அலைகின்றான். இராதாவின் நடிப்பு ஈடற்றது; செல்வரையும் போலிகளையும் அவர் நாவு கிழித்த கிழிப்பில் தமிழகம் விழித்தது. ஆயினும் அக் கதையின் அச்சாணி யாது? ஒழுக்கக்கேட்டின் விளைவு தொழுநோய் என்பதே. அந்நோய் அவ்வழியாக வருவதன்று. ஊழை மறுத்த மேடை, ஊழின் ஒறுப்பை மட்டும் கைவிடாது வைத்துக்கொண்டது. படம் பார்த்துத் திரும்பிய ஊரார், வழியோரம் அமர்ந்த நோயுற்றாரைக் கண்டு ‘இவன் என்ன செய்தானோ’ என்று எண்ணியிருப்பின், அது யார் குற்றம்?

உண்மை யாது? தொழுநோய் ஒரு நுண்ணுயிரியால் வருவது. அதனை 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் கண்டறிந்தார். அது வழிவழி வருவதும் அன்று. தொட்ட அளவில் பற்றுவதும் அன்று. விரலை அழுகச் செய்து உதிர்ப்பது என்பதும் பிழை. அந்நுண்ணுயிரி நரம்பைத் தாக்குகின்றது; நரம்பு கெடவே உணர்வு அறுகின்றது. உணர்வற்ற கை சூட்டையும் முள்ளையும் அறியாமல் புண்படுகின்றது. ஆற்றாத புண்ணே உறுப்பைக் குறைக்கின்றது. இவ் வுண்மையைத் தெளிவாக்கியதில் பெரும்பங்கு, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டுக்கு உரியது. மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தும் முறையையும் அவர் வேலூரில் வளர்த்தார். காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை 1955-இல் எழுந்தது. திருவண்ணாமலையும் வேலூரும் அன்று ஒரே வடார்க்காட்டு மாவட்டம். அருவருப்பு வளர்ந்த அதே மண்ணில்தான் அதற்கு மருந்தாகும் அறிவும் வளர்ந்தது. உலக நலவாழ்வு அமைப்பு 1981-இல் பரிந்துரைத்த கூட்டுமருந்தை 6 திங்களோ 12 திங்களோ உண்டால் நோய் தீர்கின்றது. மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே பிறர்க்குப் பரவும் தன்மை நீங்கிவிடுகின்றது. மருந்துக்கு விலையும் இல்லை.

மருந்து எளிதாயிற்று, ஆனால் நோய் போகவில்லை. 2005 இறுதியில், பதினாயிரவர்க்கு ஒருவர்க்கும் குறைவாக நோய் தணிந்துவிட்டது என இந்திய அரசு அறிவித்தது. எனினும் 2023-இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட 1 இலக்கத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோருள் 1 இலக்கத்துக்கு மேற்பட்டோர் இந்தியரே. தோலில் உணர்வற்ற தேமல் ஒன்று தோன்றியவுடன் மருத்துவரிடம் சென்றால் ஊனம் இல்லை. செல்லாமல் ஒளிப்போர்க்கே ஊனம் நேர்கின்றது. ஏன் ஒளிக்கின்றனர்? மேடையிலும் திரையிலும் ஏட்டிலும் அந்நோயின் பெயரை வசையாகவே கேட்டு வளர்ந்த ஒருவன், அப் பெயர் தனக்கே உரியதாகிவிட்டது என்று அறியும்போது வாய் திறப்பானா? உவமை உயிரைக் கொல்வதில்லை என்பார் இதனை எண்ணுக. அது விரலைக் கொல்கின்றது.

சட்டமும் இவ் வருவருப்பின் வழியே நடந்தது. நோயுற்று இரப்போரைப் பிடித்து அடைத்துவைக்க 1898-இல் வெள்ளையர் இயற்றிய சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. கணவனோ மனைவியோ தொழுநோய் உற்றதைக் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்ற விதி 2019-இல்தான் அகற்றப்பட்டது. மருந்து கிடைத்துப் பல்லாண்டு கழித்தும் சட்டப் புத்தகம் பழைய வசையையே ஓதிக்கொண்டிருந்தது.

எச்.ஐ.வி. வரலாறும் இதுவே. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முறையாக அதனைக் கண்டறிந்தனர். தமிழ் இதழ்கள் அதற்கு ‘உயிர்க்கொல்லி’ எனப் பெயரிட்டன. இன்று நாள்தோறும் மருந்துண்டு பல்லாண்டு வாழ்வோர் உளர். பெயர் மட்டும் கொன்றுகொண்டே இருக்கின்றது. தாம் புற்றுநோய் உற்றபின், நோயை உவமையாக்கும் வழக்கத்தைக் கண்டித்து அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோண்டாக் 1978-இல் தனிநூலே எழுதினார். 1989-இல் எய்ட்சு பற்றியும் எழுதினார். தமிழில் அத்தகைய எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை.

இனி, தனித்தமிழர்க்கே உரிய ஒரு சொல். ‘குட்டரோகி’ என்ற வடசொல்லை விலக்கித் ‘தொழுநோயாளி’ என்று எழுதச் செய்தது தமிழியக்கத்தின் உழைப்பு. அது நற்பணி. ஆனால் சொல்லை மாற்றியவர்கள் நெஞ்சையும் மாற்றினார்களா? குட்டரோகி என்ற சொல்லில் இருந்த இழிவு அனைத்தும் பழைய வீட்டை விட்டுப் புதுவீட்டிற் குடியேறியது போலத் தூய தமிழ்ச் சொல்லிற் குடியேறியுள்ளது. கலப்பை எதிர்க்கும் ஏடுகளே கலப்பினைத் ‘தொழுநோய்’ என்றும் ‘புற்று’ என்றும் வைதிருக்கின்றன. தமிழனுக்கு விடுதலை வேண்டும் என்பார்க்கு, நோயுற்ற தமிழனும் தமிழனே என்பது மறந்துபோகலாமா? தூய்மை என்பது எழுத்திற்கு மட்டும் உரியதன்று; எண்ணத்திற்கும் உரியது.

இவ்வளவு நுணுகினால் பேச்சு வலுவிழக்கும் என்பார் உளர். இழக்காது. கலப்பைக் களை என்க, கறையான் என்க, அணையில் விழுந்த உடைப்பு என்க. உழவும் நீரும் மரமும் தமிழுக்குத் தந்த உவமைகள் குறைந்துவிடவில்லை. நோயையே சொல்ல வேண்டுமாயின், அதன் வினையும் பயனும் நோக்கிச் சொல்க. நோயுற்றார் முன்னிலையில் தயங்காமல் சொல்லத்தக்கதா என்று ஒருமுறை எண்ணிச் சொல்க. ‘உணர்விழந்தது நோயுற்றார் கையா, வைவோர் நெஞ்சா?’ என்று கேட்கவும் நா எழும். அதுவும் அதே குற்றமே ஆகலின் அதனையும் அடக்குக. நோய் தீர்ந்தாரையும் வாழ்நாள் முழுதும் ‘தொழுநோயாளி’ என்று வழங்காமல், நோயுற்ற காலத்துத் ‘தொழுநோய் உற்றார்’ என்றும், தீர்ந்தபின் அவர் பெயராலேயும் வழங்குக.

வள்ளுவர் நோயின் முதலை நாடச் சொன்னார். நோயுற்றாரை நாணச் செய்யச் சொல்லவில்லை. அடுத்த முழுநிலா நாளில் அடி அண்ணாமலை வழியே நடப்போர், வழியோரத்துக் கையில் காசை மேலிருந்து இடாமல் கைதொட்டு இடுக. மேடை ஏறுவோர், அக் கையை வசைக்கு எடுக்காது விடுக. இரண்டும் ஒரே அறமே.