மஞ்சள் சீஸும் மக்காச்சோள ஊர்களும்

அமெரிக்காவின் மத்திய மேற்கில், ஐயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா பக்கம் காரில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். 5,000 பேர்கூட இல்லாத ஊர். கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். துணிக்கடை, செருப்புக்கடை எல்லாம் பக்கத்து ஊருக்கு வால்மார்ட் வந்ததோடு போயிற்று. மெக்சிகன் உணவகம் மட்டும் மதியம் 12 மணிக்குக் கார் நிறுத்த இடமில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு கூடை சிப்ஸும் கிண்ணத்தில் சல்சாவும் வரும். பெரும்பாலும் அதற்குக் காசு கிடையாது, தீர்ந்தால் இன்னொரு கூடை. மெனுவில் பல சாப்பாடுகளுக்குப் பெயரே இருக்காது, எண்தான். எண்ணைச் சொன்னால் ஒரு டாகோ, ஒரு என்சிலாடா, சிவப்புச் சோறு, மசித்த பீன்ஸ் எல்லாம் ஒரே தட்டில் வரும். தட்டு கையைச் சுடும். மேலே உருகிய மஞ்சள் சீஸ். பக்கத்து மேசைக்கு ஃபஹீட்டா புகை கிளப்பிக்கொண்டு போனால் எல்லாத் தலையும் திரும்பும்.

பெருநகரத்துச் சாப்பாட்டு ரசிகர்களுக்கு இந்தத் தட்டைக் கண்டால் இளக்காரம். 'இது அசல் மெக்சிகன் இல்லை' என்று ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பேச்சுக்கு வயதாகிவிட்டது. 1972ல் டயானா கென்னடி எழுதிய சமையல் புத்தகம் வந்த காலத்திலிருந்தே மெக்சிகோவுக்குள் சமைப்பது வேறு, எல்லைக்கு இந்தப் பக்கம் சமைப்பது வேறு என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இதற்கு எதிர்க்கட்சி கஸ்டாவோ அரெயானோ. 2012ல் வந்த 'டாகோ யூஎஸ்ஏ' புத்தகத்தில், அமெரிக்காவில் மெக்சிகோக்காரர்கள் சமைத்ததும் மெக்சிகன் சாப்பாடுதான் என்று வாதாடினார். நியாயம் அரெயானோ பக்கம்தான். காரத்தைக் குறைத்து சீஸைக் கூட்டியவருக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் சோள விவசாயிக்கு எது இறங்கும் என்று தெரிந்தவர் அவர்.

(ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளம்தான். அந்தப் பயிரை சுமார் 9,000 வருஷத்துக்கு முன்பு மனிதன் வசப்படுத்தியது தெற்கு மெக்சிகோவில். ஐயோவாக்காரர்கள் அதில் பெரும்பகுதியை எத்தனாலுக்கும் பன்றிக்கும் அனுப்புகிறார்கள்!)

அசலா நகலா என்று சண்டை போடுகிறவர்கள், சமைக்கிறவர் இந்த ஊருக்கு ஏன் வந்தார் என்று கேட்பதில்லை. பல ஊர்களில் பதில் இறைச்சி ஆலை. ஐயோவாவின் ஸ்டார்ம் லேக் ஊரில் தொழிற்சங்கம் இருந்த பழைய ஆலை 1981ல் மூடியது. அடுத்த வருஷம் ஐபிபி கம்பெனி அதே ஆலையைக் குறைந்த கூலியில் திறந்தது. அந்தக் கூலிக்கு அந்த வேலை செய்யக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்தால் பின்னாலேயே மளிகைக்கடையும் உணவகமும் வருகின்றன.

அதே ஐயோவாவில், 2,000 சொச்சம் பேர் வாழ்ந்த போஸ்ட்வில் என்ற ஊரில், 2008 மே 12 அன்று குடியேற்றத் துறை ஒரு இறைச்சி ஆலையில் புகுந்து 389 பேரைப் பிடித்தது. பெரும்பாலானோர் குவாதமாலாக்காரர்கள், 93 பேர் மெக்சிகோக்காரர்கள். மிஞ்சிய குடும்பங்களை ஊரில் இருந்த கத்தோலிக்க தேவாலயம்தான் தாங்கியது.

இன்னொரு சம்பவம் தெற்கு இல்லினாயில், பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில். 2016 தேர்தலில் அந்த மாவட்டத்தில் ஓட்டுப் போட்டவர்களில் 10க்கு 7 பேர் டிரம்புக்குப் போட்டார்கள். 2017 பிப்ரவரியில், அங்கே மெக்சிகன் உணவகத்தை ரொம்ப வருஷமாக நடத்திவந்த மேனேஜரைக் குடியேற்றத் துறை பிடித்துக்கொண்டு போனது. ஊர் பதறியது. அவரை விடுவிக்கச் சொல்லி மேயர் உட்படப் பலர் கடிதம் எழுதினார்கள். மார்ச் தொடக்கத்தில் ஜாமீன் கிடைத்தது.

இதை வேஷம் என்று சிரித்தவர்கள் உண்டு. அது வேஷமில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அவர் கையால் தட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள், பிள்ளைகளின் பெயர் வரை விசாரிக்கத் தெரிந்தவர்கள், மனசாரத்தான் எழுதினார்கள். ஆனால் எழுதியது அந்த ஒருவருக்காக மட்டும். இறைச்சி ஆலை இரவு ஷிஃப்டில் கத்தி பிடித்து நிற்பவரும் அதே வழியில் வந்தவர்தான். அவர் யாருடைய மேசைக்கும் சிப்ஸ் கொண்டுபோனதில்லை. அவருக்காக எழுத மேயருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.