ஓக் மரமும் நம் மண்ணும்



பள்ளி வளாகத்தை அழகுபடுத்த ஓக் மரக்கன்று வாங்கி நடலாமா? பெற்றோர் சிலர் அண்மையில் என்னிடம் எழுப்பிய வினா இது. கதைநூல்களில் அணிலையும் ஓக் கொட்டையையும் கண்ட பிள்ளைகளுக்கு அம்மரத்தின்மீது ஆசை பிறப்பது இயல்பே. ஆயினும், வேண்டா என்பதே என் கருத்து.

ஐரோப்பிய ஓக் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுத்து, குளிர் நீங்கியபின் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் நிலவும் தெலுக் இந்தான் தாழ்நிலத்தில் அந்த ஓய்வு அதற்கு எங்கே கிட்டும்?

'இரப்பரும் அயல்மரந்தானே! அது வளரவில்லையா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1877இல் நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளின் பூர்வீகம் பிரேசில். அமேசான் காட்டின் வெப்பமும் மழையும் இங்கும் இருந்ததால் அவை தழைத்தன. ஆக, மரம் எந்நாட்டது என்பதைவிட, அதன் வாழிடம் எத்தகையது என்பதே முதன்மையானது.

ஓக் இனமே நமக்கு அந்நியம் என்றும் எண்ணிவிட வேண்டா. தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குச் சென்று பாருங்கள். ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேலுள்ள குளிர்ந்த காடுகளில் ஓக் குடும்ப மரங்கள் இயற்கையாகவே வளர்கின்றன. மலாய் மொழியில் அவற்றை 'மெம்பெனிங்' என்பர். சிறு கிண்ணத்தில் அமர்ந்தது போன்ற கொட்டையே அவற்றின் அடையாளம். முள்ளுறைக்குள் கொட்டை வைத்திருக்கும் 'பெராங்ஙான்' மரமும் இக்குடும்பமே. நம் மாணவருள் எத்தனை பேர் இதனை அறிவர்? படத்தில் உள்ள ஓக்கை அறிந்து, நம் மலையில் உள்ளதை அறியாதிருப்பது கல்வியாகுமா?

நிலத்திற்கேற்ற மரம் என்பது தமிழர்க்குப் புதிய சிந்தனையன்று. தொல்காப்பியம் மரத்தை ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. நெய்தல் நிலத்துப் புன்னை மலேசியக் கடற்கரைக்கும் உரிய மரமே. மலாய்க்காரர் அதனைப் 'பெனாகா லாவுட்' என்பர்.

எனவே, பள்ளியில் புன்னையை நடுவோம். அதனருகே தமிழிலும் மலாயிலும் பெயர்ப்பலகை வைப்போம். ஓக் மரத்தைக் காட்டக் கேமரன் மலைக்கு மாணவரை அழைத்துச் செல்வோம். கீழே விழுந்த கொட்டையைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும். பார்த்தபின் அங்கேயே விட்டுவரட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.