கண் மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள்

"படம் எடுப்பது கமரா அல்ல, அதன் பின்னால் இருக்கும் கண்." இந்த வாசகத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கேட்டதோடு நின்றிருந்தால் குற்றமில்லை. ஒளிப்படப் போட்டியொன்றுக்கு நடுவராக இருந்த காலத்தில், பரிசு கிடைக்காத இளைஞர்களைத் தேற்றும் பொருட்டு, அதனை நானே அச்சிலும் ஏற்றியிருக்கிறேன். பத்திரிகைக்காரன் தவறு செய்தால் மறுநாள் திருத்தம் வெளியிட வேண்டும். காலந்தாழ்ந்த திருத்தமாக இதனைக் கொள்க.

என் தங்கையின் மகன் ஆசிரியர். பறவைப் பித்துப் பிடித்தவன். கொழும்பிலே ஒரு கடையில், கமராவும் இரண்டு வில்லைகளும் அடங்கிய பெட்டியொன்றை வாங்கி வந்தான். தாயின் காப்பு அடைவுக்குப் போன கதை எனக்குப் பின்னரே தெரிய வந்தது. பெட்டியிலிருந்த இரண்டாவது வில்லை 75 முதல் 300 மில்லிமீற்றர் வரையான சூம். அதிர்வுத் தணிப்பு இல்லாதது. "பறவை, மிருகம் எல்லாம் இதிலேயே எடுக்கலாம்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

ஒரு தை மாதக் காலையில் இருவரும் மன்னாருக்குப் போனோம். தாம்போதியின் இரு மருங்கிலும் ஆழமற்ற நீரில் பூநாரைகள் நின்றன. சேற்றோரத்தில் சிறிய கரைப்பறவைகள் ஓடித் திரிந்தன. மூன்று மணி நேரம் படமெடுத்தான். மாலையில் கணினித் திரையில் பார்த்தபோது பூநாரைகள் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகவும், கரைப்பறவைகள் தண்ணீர் பட்டு ஊறிய மைப்பொட்டுகளாகவும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் காலில் ஏதோ நிறக் கொடி கட்டியிருந்தது தெரிந்தது. அதிலிருந்த எழுத்துத் தெரியவில்லை.

"மாமா, எனக்குத்தான் கை சரியில்லைப் போலை" என்றான். நான் என்னுடைய பழைய வாசகத்தைச் சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளையாகச் சொல்லவில்லை. அவனது கையிலும் பிழையில்லை, கண்ணிலும் பிழையில்லை என்பதைப் பாடசாலைக் கணக்கே காட்டிவிடும்.

ஒரு பொருளின் உருவம் கமராவின் உணரியில் எவ்வளவு பெரிதாக விழும் என்பது, வில்லையின் குவியத் தூரத்தைப் பொருளுக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்து, அதனைப் பொருளின் அளவால் பெருக்கக் கிடைப்பது. 16 சென்ரிமீற்றர் நீளமான சிறு மீன்கொத்தியொன்று 15 மீற்றர் தொலைவில் இருக்கிறது என்போம். 300 மில்லிமீற்றர் வில்லையில் அதன் உருவம் 3.2 மில்லிமீற்றர். சாதாரண கமராவின் உணரியோ ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் உயரமுடையது. பறவை அதில் ஐந்திலொரு பங்கைத்தான் நிரப்பும். 600 மில்லிமீற்றர் வில்லையில் அதே பறவை 6.4 மில்லிமீற்றர். நீளத்தில் இரு மடங்கு, பரப்பில் நான்கு மடங்கு. இறகின் வரி தெரிவதும் தெரியாததும் இந்த நான்கு மடங்கில் இருக்கிறது. எந்த ஞானக் கண்ணும் இந்தப் பெருக்கலை மாற்றாது.

தெருவில் மனிதரைப் படமெடுப்பவருக்கும், திருவிழாவைப் பதிவு செய்பவருக்கும் "கண்தான் முக்கியம்" என்பது பொருந்தும். அங்கே கால்களால் நெருங்கலாம். பறவையிடம் அது செல்லாது. நாம் நெருங்கினால் அது பறந்துவிடும். பறக்காமல் இருந்தால் பெரும்பாலும் அது கூட்டில் இருக்கிறது என்று பொருள். அப்போது நாம் நெருங்கவே கூடாது. ஆகவே நீண்ட வில்லை என்பது ஆடம்பரமன்று. பறவைக்கு நாம் விட்டுக்கொடுக்கும் இடைவெளி அது.

இந்த வாசகத்தை உரத்துச் சொல்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்களில் பலருடைய தோளிலே பெருங்குழல் போன்றதொரு வில்லை தொங்கும். 2018 இல் கனொன் நிறுவனம் வெளியிட்ட 600 மில்லிமீற்றர் எஃப் 4 வில்லையின் அறிமுக விலை 12,999 அமெரிக்க டொலர். அத்தகைய ஒன்றை வைத்துக்கொண்டு, அடைவுக் காசில் கமரா வாங்கியவனிடம் "கருவி முக்கியமில்லை, தம்பி" என்பது, பந்தியில் உண்டு எழுந்தவர் பசித்திருப்பவனுக்கு நோன்பின் பெருமை சொல்வதற்கு ஒப்பானது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. "அந்தப் பெரிய வில்லை வாங்க வசதி வரும்வரை பறவைப் படத்தைத் தொடாதே" என்பவர்கள் இவர்கள். ஒரு காலத்தில் இவர்கள் பக்கம் சிறிது நியாயம் இருந்தது. மலிவான சூம் வில்லைகளில் பெரும்பாலானவை 300 மில்லிமீற்றரோடு நின்றுவிட்ட காலம் அது. 2013 இன் இறுதியில் டாம்ரொன் நிறுவனம் 150 முதல் 600 மில்லிமீற்றர் வரையான சூம் வில்லையை 1,069 டொலர் விலையில் அறிவித்தது. 2014 இல் சிக்மா அதே நீளத்தில் இரண்டு வில்லைகளை அறிவித்தது. அவற்றுள் இலகுவானதன் விலை 1,089 டொலர். 2015 இல் நிக்கோன் 200 முதல் 500 வரையான எஃப் 5.6 வில்லையை ஏறத்தாழ 1,400 டொலருக்குக் கொண்டு வந்தது. சாதாரண மனிதன் எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்துக்கு 600 மில்லிமீற்றர் வந்துவிட்டது.

எட்டிப் பார்க்கக்கூடிய தூரம் என்றேனே தவிர, எட்டிய தூரம் என்று சொல்லவில்லை. 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டது. 1,089 டொலர் வில்லை, வரியும் செலவும் சேராமலே, 2,17,800 ரூபாவிலிருந்து 3,92,040 ரூபாவுக்குப் போயிற்று. வில்லையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆசிரியரின் சம்பளத்துக்கும் அதற்குமான தூரந்தான் கூடியது. எனவே தவறான வில்லையொன்றை வாங்க வைப்பது சிறிய பிழையன்று. ஒருவனுடைய பல மாதங்களை அது விழுங்கிவிடுகிறது.

சரி, என்னதான் வாங்குவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, அதிர்வுத் தணிப்பு இல்லாத மலிவுச் சூமை இலவசமாகத் தந்தாலும் அதற்காகப் பெட்டியை வாங்காதீர்கள். கமராவை மட்டும் வாங்குங்கள். கையில் காசு குறைவாயின், கனொன் கமராவுக்கு 2013 இல் வந்த 55-250 ஐ.எஸ். எஸ்.ரி.எம்., நிக்கோனுக்கு 2016 இல் வந்த 70-300 ஏ.எஃப்-பி வி.ஆர். ஆகியவை நேர்மையான வில்லைகள். பெயரில் ஐ.எஸ். அல்லது வி.ஆர். என்ற எழுத்துகள் உண்டா என்று பார்த்து வாங்குக. அந்த எழுத்துகள் இல்லாத உடன்பிறப்பும் நிக்கோனில் உண்டு. இவற்றால் கொக்கும் நாரையும் மயிலும் மானும் எடுக்கலாம். சிட்டுகளை எடுக்க இயலாது என்பதை ஒப்புக்கொண்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஓராண்டு பொறுக்க முடியுமானால் பொறுத்து, மேற்சொன்ன 150-600 வில்லைகளில் ஒன்றை இரண்டாம் கையாக வாங்குங்கள். கண்ணாடி இல்லாத புதுவகைக் கமராக்களுக்குப் பலரும் மாறிச் செல்வதால் பழைய வகை வில்லைகள் மலிந்துவருகின்றன. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இவற்றுள் இலகுவானவையே 2 கிலோ அளவில் நிறையுடையவை. 600 இல் முழுத் துவாரத்தில் சிறிது மென்மையாகவே படம் தரும். எஃப் 8 க்கு மூடினால் தேறும். விடியலிலும் அந்தியிலும் வெளிச்சம் போதாது. அதிர்வுத் தணிப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். பறக்கும் பறவையை நிறுத்த ஆயிரத்திலொரு விநாடிக்குக் குறையாத வேகம் வேண்டும்.

மூன்றாவது, புதுவகைக் கமரா ஏற்கெனவே உள்ளவர்களுக்கு, 2021 இல் வெளிவந்த கனொன் ஆர்.எஃப். 100-400. நிறை 635 கிராம், அறிமுக விலை 649 டொலர். அதன் நீண்ட முனையில் துவாரம் எஃப் 8. அதாவது எஃப் 5.6 இன் பாதி வெளிச்சம். பேருந்தில் ஏறி இறங்கித் திரிபவர்களுக்கு இந்தப் பேரம் பழுதில்லை.

மில்லிமீற்றரை எண்ணிப் பார்த்து மயங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 2015 இல் வந்த நிக்கோன் பி 900 கமராவின் மேல் 2000 மில்லிமீற்றர் என்று பேசப்பட்டது. அதன் மெய்யான குவியத் தூரம் 357 மில்லிமீற்றர்தான். உணரி நகமளவினது என்பதால் சட்டகத்தில் அடங்கும் காட்சி அவ்வளவு குறுகியதாகிறது. பறவையை இனங்காண அது நல்ல கருவி, நான் இகழமாட்டேன். நிழலில் நிற்கும் ஆறுமணிக் குருவியின் இறகழகை அதனிடம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

இரண்டாம் கையாக வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். வில்லையினூடாகக் கைமின்விளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்காதீர்கள். நம்முடைய ஈரக் காற்றில் அது வளரும். பின்னர் நீண்ட முனையில் தொலைவிலும் அருகிலும் மாறி மாறிக் குவியச் செய்து, தடுமாறுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, உங்கள் கமராவிலேயே பூட்டிப் பாருங்கள். நிக்கோனின் 200-500 வில்லை, டி 80, டி 90 போன்ற பழைய கமராக்களில் துவாரத்தை மாற்ற விடாது.

நீண்ட வில்லை வாங்கியதும் எல்லாம் சித்தியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 1.3 மீற்றர் உயரப் பூநாரையை 200 மீற்றருக்கு அப்பாலிருந்து 600 மில்லிமீற்றர் வில்லையால் எடுத்தாலும் உருவம் 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வெயில் ஏறியதும் உப்புவெளியின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். 12,999 டொலர் வில்லைக்கும் அந்தக் கானல் ஒன்றுதான். விடியமுன் போய், பழைய காற்சட்டைக் காலொன்றில் நெல் நிரப்பித் தைத்த பையின்மேல் வில்லையை வைத்து, பறவை தானாக அருகே வரும்வரை அசையாதிருக்கும் பொறுமையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கண்ணும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அவை மட்டும் போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது மருமக்களுக்காக இரண்டு வில்லைப் பெட்டியைத் தள்ளுபடி விலையில் வாங்கி வராதீர்கள். அதே காசோடு இன்னும் சிறிது சேர்த்து, நன்றாகப் பரிசோதித்த பழைய வில்லையொன்றைக் கொண்டுவாருங்கள். "பழசு கொண்டுவந்தான்" என்று ஊர் சொல்லும். சொல்லட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். வடக்கின் களப்புகள் பல ஆண்டுகள் போருக்குள் கிடந்தவை. வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் இருக்கிறோம். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் கரைப்பறவையொன்றைப் பிடித்து, காலில் எழுத்துப் பொறித்த கொடியைக் கட்டிப் பறக்க விடுகிறார். அது கடலும் மலையும் தாண்டி நம்முடைய சேற்றில் வந்து இறங்குகிறது. அந்த எழுத்தை வாசித்து அறிவித்தால் அதன் பயணம் பதிவாகும்.

அன்று மன்னாரில் அப்படியொரு பறவை என் மருமகனின் எதிரே நின்றது. அவனுடைய கண் அதனைக் கண்டது. கையும் சரியாகத்தான் அழுத்தியது. படத்தில் இருப்பது ஒரு நிறத் தீற்றல் மட்டுமே. அது எங்கிருந்து வந்தது என்று இனி எவரும் சொல்லப்போவதில்லை. அவனிடம் போய்க் கண்தான் முக்கியம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.