‘அவுட்’டை மனப்பாடம் பண்ணச் சொல்லும் புண்ணியவான்கள்

எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் கைடை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் ‘ஃப்ரேசல் வெர்ப்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். இடது பக்கம் ஃபைண்ட் அவுட், ரன் அவுட், டர்ன் அவுட், ஒர்க் அவுட், கேரி அவுட்... வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரியில் ஒரு தமிழ் அர்த்தம். வகுப்பெடுக்கிற புண்ணியவான் கூடவே ஒரு பொன்மொழியும் சொல்வார்: “இதுக்கெல்லாம் லாஜிக் கிடையாதுப்பா, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ.”

தமிழ் மீடியத்தில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு கல்லூரிக்கு வருகிற பையனும் பெண்ணும் இதை நம்பி, காசு கட்டி, ராத்திரி கண் விழித்து நெட்டுரு போடுகிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் வாயைத் திறந்தால் அந்தப் பட்டியலில் ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. கடைசியில் “நமக்கு இங்கிலீஷ் வராதுடா” என்று முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்கான பழி முழுக்கப் பட்டியல் போட்டவர்கள் மேல்தான் விழ வேண்டும்.

லாஜிக் கிடையாது என்பதே கலப்படமில்லாத பொய். 1981-லேயே சூசன் லிண்ட்னர் என்பவர் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவுட், அப் என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முனைவர் பட்ட ஆய்வே எழுதி, இவற்றின் பின்னால் ஒரு ஒழுங்கு இருப்பதைக் காட்டிவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் நம் ஊர் கைடுகளுக்குச் செய்தி வந்து சேரவில்லை!

ஒழுங்கு என்னவென்று பார்ப்போம். ராத்திரி வானத்தில் நட்சத்திரம் தெரிய ஆரம்பித்தால் ‘த ஸ்டார்ஸ் கேம் அவுட்’ என்பார்கள். வீட்டில் விளக்கு அணைந்தால் ‘த லைட்ஸ் வென்ட் அவுட்’ என்பார்கள். அங்கே அவுட் என்றால் தெரிகிறது, இங்கே அவுட் என்றால் மறைகிறது. நேர் எதிர்! “பாத்தியா, லாஜிக்கே இல்ல” என்று கைடுகாரர் குதிப்பது இங்கேதான். ஆனால் ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். மறைந்திருந்த ஒன்று நம் பார்வைக்குள் வருவது ஒரு அவுட். கையில் இருந்த ஒன்று நம்மை விட்டுப் போவது இன்னொரு அவுட்.

முதல் வகையில் ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட், பாயிண்ட் அவுட், டர்ன் அவுட், ஸ்டாண்ட் அவுட் எல்லாம் வரிசையாக வந்து நின்றுகொள்ளும். மறைந்திருந்த உண்மை, விடை, குறை, ஆள், ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரிய வருகிறது. இரண்டாவது வகையில் ரன் அவுட், வேர் அவுட், டை அவுட், பர்ன் அவுட், செல் அவுட்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு வகையும் தமிழனுக்குப் புதிதே கிடையாது. பால் தீர்ந்து போச்சு. செருப்பு தேய்ஞ்சு போச்சு. விளக்கு அணைஞ்சு போச்சு. டைனோசர் அழிஞ்சு போச்சு. இதில் வருகிற ‘போச்சு’வைப் பார்த்து, பால் எங்கே போச்சு, எந்த பஸ்ஸில் போச்சு என்று யாராவது கேட்கிறார்களா? ரேன் அவுட், வோர் அவுட், வென்ட் அவுட், டைட் அவுட். அவன் ‘அவுட்’ போடுகிற இடத்தில் நாம் ‘போ’ போடுகிறோம், அவ்வளவுதான். அதே மாதிரி ‘இட் டர்ன்ட் அவுட்’ என்பதற்கு நம்மிடம் ‘தெரிய வந்தது’ இருக்கிறது. அங்கே ‘வா’. போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக ஒரு துணைச்சொல் வைத்திருக்கிற மொழியில் பிறந்தவனிடம் போய் இதற்கு லாஜிக் இல்லை என்று சொல்வதை என்னவென்பது?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். “கொஸ்டின் பேப்பர் அவுட்டாம்டா” என்று பரீட்சைக்கு முதல்நாள் ஒருத்தன் சொன்னால் ஹாஸ்டலே விழித்துக்கொள்கிறது. “ஆள் அவுட்” என்றால் கதை முடிந்தது என்று டீக்கடையில் இருக்கிற எல்லோருக்கும் புரிகிறது. முதலாவது மறைந்திருந்தது வெளியே வந்த அவுட், இரண்டாவது இருந்தது இல்லாமல் போன அவுட். லிண்ட்னரைப் படிக்காமலேயே இரண்டையும் சரியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். “லவ் ஒர்க் அவுட் ஆகல” என்று புலம்புகிறவனுக்கு ஒர்க் அவுட் என்பதன் அர்த்தத்தைத் தனியாக வேறு எழுதிப்போட வேண்டுமா? :-)

மூன்றாவதாக ஒன்று உண்டு: கடைசி வரைக்கும், முழுசாக. ‘ஹியர் மீ அவுட்’ என்றால் நான் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசு என்று பொருள். ‘க்ளீன் அவுட்’ என்றால் ஒரு துரும்பு விடாமல் காலி செய்வது. செயலை முடித்துக் காட்டும் ‘கேரி அவுட்’டையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். நோட்டீஸ் விநியோகிக்கிற ஹேண்ட் அவுட் மாதிரி இன்னும் சில உண்டு, அவை பார்த்தாலே புரிபவை.

இதெல்லாம் ஏதோ மூலையில் கிடக்கிற சொற்கள் என்றும் தள்ளிவிட முடியாது. 2007-ல் டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இருவர், பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பை எடுத்து ஃப்ரேசல் வெர்ப்களை எண்ணினார்கள். அதிகம் புழங்கும் முதல் பத்தில் நான்கு அவுட்: கேரி அவுட், கோ அவுட், பாயிண்ட் அவுட், ஃபைண்ட் அவுட். தினமும் இத்தனை முறை காதில் விழுகிற ஒன்றைத்தான் கைடுகள் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி வைத்திருக்கின்றன.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். சாவியையும் கண்டுபிடிக்கிறோம், திருடன் யார் என்பதையும் கண்டுபிடிக்கிறோம். இங்கிலீஷில் சாவிக்கு வெறும் ஃபைண்ட் போதும், திருடன் யார் என்ற தகவலுக்குத்தான் ஃபைண்ட் அவுட். ‘ஐ காண்ட் ஃபைண்ட் அவுட் மை கீஸ்’ என்று நம் ஆட்கள் சொல்வது இதனால்தான். வகுப்பில் பத்து நிமிஷம் செலவழித்துச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இது. சொல்லித்தருவார்களா? மாட்டார்கள். பட்டியலில் ‘ஃபைண்ட் அவுட் - கண்டுபிடி’ என்று எழுதித் தப்பை அவர்களே விதைத்து வைப்பார்கள்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது, கிண்டல் கோஷ்டி. “ஐ பாஸ்டு அவுட் இன் டூ தவுசண்ட் சிக்ஸ்” என்று ஒருத்தன் சொன்னால் போதும், “அப்ப மயக்கம் போட்டு விழுந்துட்டியா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது மட்டும்தான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதற்குப் பிரிட்டிஷ்காரனே வைத்த பெயர் பாஸிங் அவுட். சென்னை பரங்கிமலையில் இருக்கிற ஆஃபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் இன்றைக்கும் பாஸிங் அவுட் பரேட் நடக்கிறது. அணிவகுத்துப் போகிற அதிகாரிகள் எல்லோரும் மயங்கியா விழுகிறார்கள்? அந்த வழக்கு காலேஜுக்கும் நீண்டு, இந்திய ஆங்கிலத்தில் தலைமுறைகளாகப் புழங்குகிறது. அமெரிக்கக் கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறவன் கிராஜுவேட்டட் என்று எழுதிக்கொள்ளட்டும், அதுதான் அங்கே புரியும். அதற்காக இங்கே ஒருத்தனை நாலு பேர் முன்னால் கூனிக்குறுக வைக்க வேண்டியதில்லை. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள்.

நெட்டுரு போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கும் உருப்படியான சரக்கு இருக்கிறது. ‘இட்’ மாதிரி சொல் வந்தால் நடுவில்தான் உட்காரும்: ஃபிகர் இட் அவுட் சரி, ஃபிகர் அவுட் இட் தப்பு. பால் என்று ஆரம்பித்தால் ‘த மில்க் ரேன் அவுட்’ என்பதோடு வாக்கியம் முடியும். நாங்கள் என்று ஆரம்பித்தால் ‘ஆஃப்’ வேண்டும்: ‘வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்’. பேசும்போது கால் இடறுகிற இடங்கள் இவைதான். எத்தனை கைடுகளில் இந்த இரண்டு வரி இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள்.