விசாரணை இல்லாமல் தண்டனையா?

கோப்பெங் வட்டாரத் தோழர்களே! 1981ஆம் ஆண்டு இந்தியாவில் ரயில் எஞ்சின் ஓட்டும் ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது? ரயில்வே ஒழுங்கு விதிகளில் 14ஆம் விதியைக் காட்டி, "விசாரணை நடத்த வசதிப்படாது" என்று எழுதி ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. 1993 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம், அவர்களை மூன்று மாதத்துக்குள் மீண்டும் வேலையில் சேர்க்கவும், மூன்று ஆண்டுச் சம்பளத்தை நஷ்டஈடாகக் கொடுக்கவும் உத்தரவிட்டது. நியாயம் கிடைத்தது, ஆனால் பன்னிரண்டு ஆண்டு பாழாயிற்று!

ஒழுங்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மண்டோர் சொல்வதே சாட்சி, துரை சொல்வதே தீர்ப்பு என்பது ஒழுங்காகுமா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகே தண்டனை என்கிறது. விசாரணைக்காக ஒருவரை நிறுத்திவைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. அரைச் சம்பளத்துக்குக் குறையவும் கூடாது. குற்றமில்லையென்று தெரிந்தால் பிடித்த சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும்.

கிராணிமார்களே, பெரட்டுப் புத்தகம் நம் கையில் இருக்கிறது. வாய்ச்சொல்லுக்குப் பெயரை அடிக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பால்வெட்டுத் தோழர்களே, வேலை நீக்கினால் மூட்டை கட்டாதீர்கள்! 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுங்கள். நாள் தவறினால் நியாயமும் தவறும். உடனே சங்கத்துக்கு வாருங்கள்!