திருடனும் தோழரும்

சென்ற இதழில் சதுரங்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த என் அண்ணன் மகன், "சித்தப்பா, அதில் ஒருவர் வென்றால் ஒருவர் தோற்க வேண்டும். நாங்கள் ஆடுவதில் அப்படியில்லை" என்றான். நாகபுரியில் எங்கள் இரயில்வே குடியிருப்பின் முன்னறையில் அவனும் நண்பர் நால்வரும் ஞாயிறுதோறும் ஆடும் ஆட்டத்தை அன்றுதான் அமர்ந்து கவனித்தேன்.

'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். கதை பேச்சாலேயே நடக்கும். முடிவு ஐயமாகுமிடத்தில் இருபது முகப் பகடை உருளும்.

நம் பிள்ளை திருடன். தோழர் உறங்கும்போது அவர்தம் பொன்னையெல்லாம் கவர்ந்துகொண்டான். கதையில்தான், ஆயினும் மூவர் முகமும் வாடின. கேட்டதற்கு, "திருடன் திருடத்தானே செய்வான், சித்தப்பா?" என்றான். அத்திருடனைத் தேர்ந்தெடுத்தவனும் அவன்தானே! பிறகு அவன் தனியே நகருக்குள் புகுந்து ஒரு மணி நேரம் உலவினான். மற்றவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தனர். தட்டு காலியானதைக் கண்டேனும் கதை நடத்துபவன் விழித்திருக்க வேண்டும்.

மறு ஞாயிறு இருவர் வரவில்லை. பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் வாய்விட்டுத் தமிழ் பேசுவது அந்த மேசையில்தான். எனக்குக் கவலையாயிற்று.

அவனை முற்றிலும் குறை கூறவும் மனமில்லை. ராபின் லாஸ் என்பவர் 2002-இல் வெளியிட்ட நூலில் ஆடுவோரை வகைப்படுத்துகிறார்: சண்டையை விரும்புவோர், திட்டமிடுவோர், பாத்திரமாகவே மாறுவோர் எனப் பலர். தன் விருப்பத்தை ஒருவன் அடியோடு விட்டுவிட்டால் மிஞ்சுவது ஆட்டமன்று, நம் சங்கத்துச் செயற்குழுக் கூட்டம்! (செயலாளர் பொறுத்தருள்க.)

எது செல்லும், எது செல்லாது என்று ஆடுவோர் தொடங்குமுன்பே கூடிப் பேசிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டாம். நான் சொன்னதன்பேரில் அவன் அவ்விருவர் வீட்டுக்கும் நேரில் சென்று அழைத்து வந்தான். அரைமணி பேசினர். பொன் திரும்பிற்று. தோழரிடம் திருடுவதில்லை என்றும், பூட்டுகளெல்லாம் அவன் பொறுப்பு என்றும் முடிவாயிற்று.

அன்று ஒரு கோட்டைக் கதவின் முன் மூவரும் அவனையே நோக்கிக் காத்திருந்தனர். பகடையை உருட்டினான். மூன்று விழுந்தது; பூட்டுத் திறக்கவில்லை. ஐவரும் சிரித்த சிரிப்பில், இரவுப் பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.