வேலி இல்லாத படம்

என் மடிக்கணினித் திரையில் நான்கு வருடம் ஒரே படம்தான் இருந்தது. 1950-களின் சில்வர்ஸ்டோன், கறுப்பு வெள்ளை. வளைவில் ஒரு கார் பின்சக்கரம் வழுக்கத் திரும்புகிறது. ஓட்டுநரின் முழங்கைகூடத் தெரிகிறது. கொஞ்சம் தள்ளி, வைக்கோல் கட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டும் டையும் போட்ட ஒருவர் சிகரெட்டோடு நிற்கிறார். நடுவில் வேலி கிடையாது. அலுவலகத்தில் அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: “அதெல்லாம் அந்தக் காலம் பாஸ். அதுதான் நிஜமான ரேஸ்.” நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். அந்த ஆமாமை வாபஸ் வாங்கத்தான் இந்தக் கட்டுரை.

கம்பெனி வேலையாக இரண்டு வருடம் நார்தாம்ப்டனில் இருந்தேன். சில்வர்ஸ்டோன் பக்கம்தான். வார இறுதிகளில் பழைய கார் உதிரிபாகச் சந்தைகளுக்குப் போவேன். அங்கே ஷூ பெட்டிகளில் ரேஸ் படங்கள் கிடக்கும். விற்கிற பெரியவர்கள் படத்தோடு சேர்த்து நினைவுகளையும் கொடுப்பார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது, ஃபிளாஸ்க் டீ, ஈரப்புல், எரிகிற விளக்கெண்ணெய் வாசனை. அந்தக்கால ரேஸ் எஞ்சின்களில் விளக்கெண்ணெய் கலந்த ஆயில்தான் ஊற்றினார்கள். இந்த நினைவுகளோடு எனக்குச் சண்டையில்லை. அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்கிற முடிவோடுதான் சண்டை: ஆபத்து இருந்ததால்தான் அழகு இருந்ததாம்.

அந்தப் பெட்டியில் ஜோ சிஃபெர்ட் இருந்தார். 1968 ஜூலை, பிராண்ட்ஸ் ஹேட்ச், பிரிட்டிஷ் கிராண்ட் பிரி. ராப் வாக்கரின் கருநீல லோட்டஸில் ஜெயித்த படம். வாங்கிக்கொண்டு வந்து அவரைப் பற்றிப் படித்தேன். 1971 அக்டோபர் 24. அதே பிராண்ட்ஸ் ஹேட்ச். ஜாக்கி ஸ்டூவர்ட் உலக சாம்பியன் ஆனதைக் கொண்டாட நடத்திய ரேஸ். சிஃபெர்ட்டின் பி.ஆர்.எம். கார் மோதிக் கவிழ்ந்து தீப்பிடித்தது. மோதலில் கால்தான் உடைந்தது. அவரைக் கொன்றது புகை. தீயணைப்பான்கள் வேலை செய்யவில்லை. வயது 35. எனக்கும் இப்போது 35.

அதற்குப் பிறகுதான் காருக்குள்ளேயே தீயணைப்பானும், ஹெல்மெட்டுக்குள் காற்றுக்குழாயும் கட்டாயமாயின.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் மறுநாள் அறிக்கை எழுதுவோம்: எது உடைந்தது, ஏன், இனி என்ன செய்யப் போகிறோம். ரேஸ் விதிப்புத்தகம் இப்படிப்பட்ட அறிக்கைகளின் தொகுப்பு. ஹெல்மெட் கட்டாயமானது 1952-ல்தான். அதற்கு முன் பலர் தலையில் துணித்தொப்பிதான். 1966-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில், பெட்ரோல் ஊறிய காக்பிட்டில் ஸ்டூவர்ட் சிக்கிக்கிடந்தார். அவரை விடுவிக்க சக ஓட்டுநர்கள் ஒரு பார்வையாளரிடம் ஸ்பேனர் கடன் வாங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவர் ஸ்டீயரிங்கில் ஒரு ஸ்பேனரை ஒட்டிவைத்துக்கொண்டு ஓட்டினார். தடுப்பு கேட்டார், டாக்டர் கேட்டார். ரேஸின் கவர்ச்சியையே கெடுக்கிறார் என்று அவரைத் திட்டினார்கள்.

“ஓட்டுநர்கள் தெரிஞ்சுதானே இறங்கினாங்க?” என்று கேட்பீர்கள். தெரிந்துதான் இறங்கினார்கள். வேறு வழி இருந்ததா என்பதுதான் கேள்வி. கேட்டவருக்குக் கிடைத்தது வசவு. சில்வர்ஸ்டோன் போர்க்கால விமானதளம். போரிலிருந்து மீண்டு வந்த தலைமுறைக்கு ரேஸின் ஆபத்து சின்னதாகத் தெரிந்திருக்கலாம். அந்தத் துணிச்சல் அவர்களுடையது. ஏசி அறையில் உட்கார்ந்து படத்துக்கு லைக் போடுகிற நமக்கு அதில் பங்கு கிடையாது. அடுத்தவன் உயிரை வைத்து நாம் ரசனை வளர்க்கிறோம், அவ்வளவுதான்.

இதில் நான் யோக்கியன் இல்லை. 2018-ல் ஓட்டுநரின் தலையைச் சுற்றி ‘ஹாலோ’ என்ற டைட்டானியம் வளையம் வந்தபோது, ஹவாய் செருப்பு வார் மாதிரி இருக்கிறது என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

2022 ஜூலை 3. சில்வர்ஸ்டோன், முதல் வளைவு. ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து, சரளைக்கல்லில் சறுக்கி, டயர் தடுப்பைத் தாண்டிப் போய்க் கம்பிவேலியில் மோதியது. மேல்வளைவு உடைந்துவிட்டது. ஹாலோ தாங்கியது. வேலிக்குப் பின்னால் டிக்கெட் வாங்கி வந்த ஜனம். அடுத்த வாரம் அவர் ஆஸ்திரியாவில் ரேஸ் ஓட்டினார்.

என் வால்பேப்பர் படத்தில் அந்த வேலி இல்லை. அதைத்தான் நான்கு வருடம் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த சிகரெட்காரரைப் பற்றி யாரும் அவ்வளவாக யோசிக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அன்று கார் அவர் பக்கம் வரவில்லை. அதனால்தான் அது அழகான படம். வந்திருந்தால் அதை யாரும் ஷூ பெட்டியில் வைத்து விற்க மாட்டார்கள்.

பழைய படங்களைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. சிஃபெர்ட்டின் 1968 படம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் 1971 என்று எழுதி வைத்திருக்கிறேன். திரையில் இப்போது இருப்பது குவான்யூவின் கார், டயர் தடுப்புக்கும் வேலிக்கும் நடுவில் செருகிக்கொண்டபடி. ‘என்ன பாஸ், இந்தப் படத்துல ஒண்ணுமே சரியாத் தெரியலையே?’ என்கிறார்கள். ஆமாம், வேலி மறைக்கிறது.